கிளறா பேசி முடிக்காத சம்பந்தம்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் தமிழ்ப் பிள்ளை ஒன்றுக்குக் கலியாணம் பேசவேண்டுமென்றால் சீசாப் பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடமொன்றின் நாலாம் மாடியில் இருக்கும் கிளறாவிடம்தான் போவார்கள். ஏறி முடிக்கும்போது மாப்பிள்ளையின் தாய்க்கு மூச்சு வாங்கும். அந்த மூச்சு அடங்குவதற்குள் கிளறா பாதி விசயத்தைப் பேசிவிடுவாள். பொலித்தேயாமா அரங்குப் பக்கம் ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் துடைத்து, சமைத்து, துணி மடித்து வைப்பதுதான் அவளுடைய வேலை. கலியாணம் பேசுவது வேலை அல்ல, குணம். சும்மா இருக்கச் சொன்னாலும் அவளால் இருக்கமுடியாது.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு பக்கத்தார் சொன்னதை மறுபக்கத்தாரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் உலகத்தில் ஒரு கலியாணமும் நடக்காது என்று நம்பினாள். அதற்காகப் பொய்யும் சொல்லமாட்டாள். சொல்லை வாங்கி, கழுவி, அயன் பண்ணிக் கொடுப்பாள். பெண்ணின் தாய், "உவையள் சரியான வாய்க்காரர்" என்று சொன்னால், அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, "உங்கடை குடும்பம் நல்ல கலகலப்பாம் எண்டு அவையும் கேள்விப்பட்டவையாம்" என்று ஆகியிருக்கும். அடுத்தது விசாரிப்பு. பையன் பாரிஸில் இருந்தாலும் நோர்வேயின் பேர்கனில் இருந்தாலும் அங்கே கிளறாவுக்கு ஒரு ஆள் இருக்கும். அந்த ஆள் போய்ப் பக்கத்து வீட்டில் தேநீர் குடித்து, பையன் குடிப்பானா, கோபக்காரனா, தாயை எப்படிக் கூப்பிடுகிறான் என்று எல்லாம் அறிந்து சொல்லும். அப்படி அறிந்ததை இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிச் சொல்வாள். அதில் மட்டும் அவளை அசைக்க முடியாது.

இப்படி ஊரார் பிள்ளைகளை எல்லாம் சேர்த்துவைத்தவளுக்குத் தன் வீட்டில் இரண்டு ஆம்பிளைகளைச் சேர்த்துவைக்க முடியவில்லை. ஒன்று புருசன் கிறிகோரி. மற்றது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தம்பி சுஜன்.

இரண்டு வருசத்துக்கு முன்பு சுஜன் விடுமுறைக்கு வந்திருந்தான். எல்லோருமாக மொந்தே பெல்லெகிரினோ மலையில் இருக்கும் சாந்தா றொசாலியா கோயிலுக்கு நடந்தே ஏறினார்கள். வழியில் நிழல் பார்த்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது சுஜனுக்கு நாக்கில் சனி. அத்தான் இருபது வருசமாக மற்றவன்ரை படியைத்தானே கழுவுகிறார், கனடாவுக்கு வந்திருந்தால் இன்றைக்கு ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரன் என்று, கோயில் சனம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டான். கிறிகோரி கட்டடங்களின் படிக்கட்டுகளைத் துப்புரவு செய்கிறவர்தான். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் மீன்பொரியலை வாயில் வைத்திருக்கும்போது மச்சான் அதைச் சொன்னது பொறுக்கவில்லை. பார்சலை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அந்தக் கிழமை சுஜன் விமானநிலையத்துக்குப் பேருந்தில் போனான். ஒரு ஆளை ஏற்றிவிட நாலு கார் போவதுதான் எங்கள் சனத்தின் முறை. சொந்த மச்சானைப் பேருந்தில் அனுப்புவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது நிற்கட்டும் என்று விடலாம் என்றால், வருகிற மே மாதம் மகள் றம்யாவுக்குக் கலியாணம். பையனை றம்யாவே பார்த்துக்கொண்டாள். பலெர்மோவுக்கே கலியாணம் பேசுகிறவளின் மகள் தாயிடம் ஒரு சொல் கேட்காமல் வேலையிடத்தில் ஒருவனைப் பிடித்தது கிளறாவுக்குப் பெரிய மனக்குறை. அதையாவது விழுங்கிவிட்டாள். ஆனால் தாய்மாமன் இல்லாமல் மகளைப் பீடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தபிறகு அவளுக்கென்று மிஞ்சிய ஒரே இரத்தம் சுஜன்தான். அத்தான் தன் வாயால் கூப்பிட்டால் வருவேன் என்றான் அவன். அழைப்பிதழ் போயிருக்கிறது, அதில் என் பெயரும் இருக்கிறது, அதற்கு மேல் கூப்பிட என் வாய் வராது என்றார் இவர். கிளறா அழுதும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஹோல்ம்பெக் வந்தான்.

நீல்ஸ் ஹோல்ம்பெக் சுவீடன்காரன். அமெரிக்காவில் ஒரு குளிர் நகரத்து அணிக்குப் பனிக்கட்டி ஹொக்கி விளையாடுகிறவன். கோல் அடிக்க வருகிறவர்களைத் தடுப்பது அவனுடைய வேலை. அவனுக்கும் சீசாவுக்கும் என்ன தொடர்பு என்றால், சுஜன் தன் மச்சான்மார், ஒன்றுவிட்ட சகோதரங்கள் எல்லோரையும் சேர்த்துத் தொலைபேசியில் ஒரு விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொருவரும் உண்மையான ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுத்துத் தனக்கென்று ஒரு அணி வைத்திருப்பார்கள். அந்த ஆட்டக்காரர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் நன்றாக விளையாடினால் இவர்களுக்குப் புள்ளி ஏறும். வேண்டுமென்றால் ஒருவருக்கொருவர் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். முதலில் கிரிக்கெட்டாகத்தான் இருந்தது. கனடாக்காரர் கூடிப்போனதால் வாக்கெடுத்து ஹொக்கி ஆக்கிவிட்டார்கள். கிறிகோரி எதிர்த்து வாக்குப் போட்டார், தோற்றார், ஆனால் விலகவில்லை. பனிக்கட்டியை அவர் நேரில் கண்டது போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்களுக்குக் கீழேதான். என்றாலும் காலையில் வேலைக்குப் போகமுதல் தேநீரோடு முதல்நாள் ஆட்டத்தின் துண்டுப்படங்களைப் பார்த்துப் பார்த்து, இப்போது கரைச்சல் பிடித்த நிபுணராகவே ஆகிவிட்டார். மச்சானோடு கதைபேச்சு இல்லாவிட்டாலும் அந்த விளையாட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருவன் மற்றவனின் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரோசம் என்பது அப்படித்தான்.

போன வருசம் ஹோல்ம்பெக் கிறிகோரியின் அணியில் செல்லப்பிள்ளை. இந்த வருசம் அவனுக்கு என்ன பிடித்ததோ தெரியாது. ஓடுகிறவனைப் பிடிக்கமாட்டான், பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டைத் தன் ஆளுக்குக் கொடுப்பதாக நினைத்து எதிரிக்குக் கொடுப்பான். மார்கழியில் ஒரு நாள் யாரோ அடித்த வட்டு அவனுடைய பின்பக்கத்தில் பட்டு அவனுடைய சொந்த வலைக்குள்ளேயே போனது. அந்தப் படம் உலகம் சுற்றியது. சுஜன் அதைக் குடும்பக் குழுவில் மூன்று தரம் போட்டான், பெயர் எதுவும் குறிப்பிடாமல்.

தை மாதக் கடைசி ஞாயிறு பின்னேரத்தோடு ஆள் மாற்றும் கெடு முடிகிறது. சுஜனின் அணியில் தடுக்கிற ஆட்கள் இரண்டு பேர் காயப்பட்டுக் கிடந்தார்கள். அவனிடம் கோல் அடிக்கிற சின்னப் பையன் ஒருவன் மேலதிகமாக இருந்தான். ஹோல்ம்பெக்கைக் கொடுத்து அந்தச் சின்னப் பையனை வாங்கக் கிறிகோரிக்கு ஆசை. கேட்கத்தான் வாய் இல்லை. இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து திரிந்துவிட்டு, கிளறா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "இஞ்சரப்பா, உன்ரை தம்பியிட்டை ஒரு விசயம் கேக்கவேணும். நான் கேட்டதெண்டு சொல்லாதை. ஆனா நான்தான் கேக்கிறன் எண்டு அவனுக்கு விளங்கவும் வேணும்."

கிளறா கத்தியைக் கீழே வைத்தாள். இதுதான் அவள் இரவு பகலாகச் செய்கிற காரியம். ஹொக்கி தெரியாவிட்டால் என்ன, ஒரு பெடியனை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு, அவ்வளவுதானே என்று நினைத்தாள். அதோடு அவளுடைய மனதுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. இந்தப் பேச்சு படிந்தால் அந்தப் பேச்சும் படியும்.

அன்று முதல் பேருந்திலும், சின்யோராவின் பல்கனியிலும், கோயில் வாசலிலும் கிளறா ஹோல்ம்பெக்கைப் பேசினாள். "பெடியன் நல்ல உயரம். கெட்ட பழக்கம் ஒண்டும் இல்லை. இந்த வருசம்தான் கொஞ்சம் கிரகம் சரியில்லை" என்று அவள் சொல்வதைப் பேருந்தில் கேட்டுக்கொண்டிருந்த சூசையம்மா, தன்னுடைய தங்கச்சி மகளின் படத்தை அன்றே அனுப்பிவைத்தாள். பெடியன் சுவீடன் வெள்ளை, கலியாணம் முடித்தவன் என்று விளங்கப்படுத்தியபிறகும் சூசையம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. கிளறா யாருக்கோ நல்ல இடத்தை ஒளித்துவைத்திருக்கிறாள் என்றே கோயிலில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சுஜன் மறுமொழியாக, அந்தக் குப்பையைச் சும்மா தந்தாலும் வேண்டாம் என்றான். அது கிறிகோரியிடம் வந்துசேரும்போது, தம்பி யோசிக்கிறானாம் என்று இருந்தது. கிறிகோரி, உன் தம்பிக்கு ஹொக்கியும் தெரியாது, மனுசத் தன்மையும் தெரியாது என்றார். அது ஸ்காபரோவுக்குப் போகும்போது, அத்தான் உன்னுடைய கருத்தையும் மதிக்கிறாராம் என்று ஆனது. ஹோல்ம்பெக்கின் அணி அவனுக்கு ஏழு வருச ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது, ஆனபடியால் எவ்வளவு கேவலமாக விளையாடினாலும் ஆட்டத்தில் இறக்கத்தான் வேண்டும், இறங்கினால் என்றைக்காவது திருந்துவான் என்பது கிறிகோரியின் வாதம். திருந்துகிற வயது போய்விட்டது, முப்பது வயதில் கால் பாரமானவனுக்கு அறுபது வரைக்கும் பாரம்தான் என்பது சுஜனின் வாதம். கிளறா இரண்டையும் மினுக்கி மினுக்கி அனுப்பிக்கொண்டிருந்தாள். பேச்சு அசையவில்லை.

அசையாத பேச்சுக்கு ஒரே மருந்து விசாரிப்பு. கிளறா சிவமலரைப் பிடித்தாள். சிவமலர் முன்பு சீசாவில் கீழ் மாடியில் இருந்தவள், இப்போது சுவீடனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. ஹோல்ம்பெக் பிறந்த ஊர் அவளுடைய ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். வேறு ஒருத்தியாக இருந்தால், உனக்கு விசரா என்று கேட்டிருப்பாள். சிவமலர் கிளறாவிடம் பழகினவள். எந்தச் சேர்ச், தகப்பனுக்கு என்ன வேலை என்றுதான் கேட்டாள். சனிக்கிழமை தான் பொரித்த இறைச்சி ரோல்ஸ் ஒரு பெட்டியோடு அந்த ஊர்ப் பனி ஹொக்கி மண்டபத்துக்குப் போனாள். அங்கே கோப்பி விற்கிறது ஹோல்ம்பெக்கின் சொந்தச் சித்தி. ரோல்ஸின் உறைப்பில் அந்த மனுசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

சிவமலர் அனுப்பிய குரல்செய்தியைக் கிளறா சின்யோராவின் குளியலறையில் நின்று கேட்டாள். குடும்பம் தங்கம். தாய் எல்லோருக்கும் கம்பளிச் சொக்ஸ் பின்னிக் கொடுக்கிற மனுசி. பெடியனில் ஒரு பிழையும் இல்லை. ஐப்பசியில் அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. ஒன்று நித்திரை கொண்டால் மற்றது எழும்பும். பெடியன் மூன்று மாதமாக நித்திரை இல்லாமல்தான் பனியில் இறங்குகிறான். போன கிழமை அவனுடைய தாய் உதவிக்கு அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டது.

தாய் பிள்ளைகளைப் பார்த்தால் பெடியனுக்கு நித்திரை வரும். நித்திரை வந்தால் ஆட்டம் வரும். அதை விளங்க ஹொக்கி தெரியத் தேவையில்லை, றம்யாவைப் பெற்று வளர்த்தது போதும். ஆனால் இதை யாரிடம் சொல்வது என்பதுதான் கேள்வி. புருசனிடம் மட்டும் சொன்னால் அவர் ஹோல்ம்பெக்கை விடவே மாட்டார், பேச்சு அத்தோடு படுத்துவிடும். தம்பியிடம் மட்டும் சொன்னால் அவன் பாய்ந்து விழுந்து வாங்குவான், புருசன் ஏமாந்து நிற்பார். ஒருவருக்கும் சொல்லாமல் விடலாமா என்றுகூட ஒரு நிமிசம் யோசித்தாள். பிறகு தன்னுடைய முறையை நினைத்துத் தானே வெட்கப்பட்டாள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சொல், ஒரே நேரத்தில். வேறு வழியே கிடையாது.

கெடு முடிகிற ஞாயிறு பின்னேரம், தமிழ்ப் பூசை முடிந்து வந்து, ஆட்டிறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, தொலைபேசியை உப்புப் போத்தலில் சாத்திவைத்து சுஜனை அழைத்தாள். கிறிகோரி எதிரே கதிரையில் இருந்தார். கமராவில் தலை தெரியாதபடி கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார். வயிறு மட்டும் தெரிந்தது. கிளறா இரட்டைப் பிள்ளைகளின் விசயத்தை ஒரு சொல்லும் மினுக்காமல் சொன்னாள்.

உடனே சந்தை கூடிவிட்டது. அப்படியென்றால் விலை ஏறிவிட்டது, சின்னப் பையனோடு இன்னொரு ஆளும் வேண்டும் என்று கிறிகோரி கிளறாவுக்குச் சொன்னார். சின்னப் பையனே அதிகம் என்று அத்தானிடம் சொல்லு என்றான் சுஜன். இருவரும் ஒருவர் குரலை ஒருவர் நன்றாகக் கேட்டுக்கொண்டு, நடுவில் நிற்கிறவளிடம் சொன்னார்கள். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னபிறகுதான் மற்றவருக்குக் காது கேட்டது. கோபக்காரர் வீட்டில் இது வழமைதான். ஆனால் அடுப்பில் இறைச்சி இருக்கும்போது எவ்வளவு நேரத்துக்கு இதைச் செய்வது.

"எனக்குக் கறி அடிப்பிடிக்குது. ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, காதும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

கிளறா அகப்பையால் கறியைக் கிளறிக்கொண்டே காதைப் பின்பக்கம் வைத்திருந்தாள். முதலில் வாய் திறந்தது சுஜன்தான். "தடுக்கிறவன் தடுக்கிறவன் எண்டு சொல்லுறியள். குண்டியாலை தடுத்து உள்ளுக்கை விட்டவனெல்லோ."

கிறிகோரி சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தார். வயிறு குலுங்கியது. கமராவில் தெரிந்ததும் வயிறுதான். அதைக் கண்டு அந்தப் பக்கம் சுஜனும் சிரித்துவிட்டான். "டேய், அது வட்டு வந்து பட்டது, அவன் என்ன செய்யிறது" என்று கிறிகோரி கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு நேரே பேச்சுத்தான். போன வருசத்துப் புள்ளி என்ன, இந்த வருசத்துப் புள்ளி என்ன, நித்திரை திரும்ப எத்தனை நாள் எடுக்கும், சின்னப் பையனுக்கு இப்போதே தலைக்கனம் என்று இரண்டு பேரும் மாறிமாறி அடித்தார்கள். கடைசியில் ஒருவருக்கு ஒருவர், மேலதிகமாக யாரும் வேண்டாம் என்று படிந்தது. "சரி அத்தான், அமத்துங்கோ, நான் ஏற்கிறன்" என்றான் சுஜன். கிறிகோரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் தொலைபேசியில் விரலை நீட்டினார்.

அப்போதுதான் கிளறா திரும்பிப் பார்த்தாள். அவள் சேர்த்துவைத்த சம்பந்திகள் எல்லோரும் அவளுடைய கண்முன்னால் வந்தார்கள். பேச்சு நடக்கிற வரைக்கும் நாளுக்கு நாலு தரம் அழைப்பார்கள். கலியாணம் முடிந்த மறுநாள் முதல் ஒருவரை ஒருவர் தேடமாட்டார்கள். அந்த விரல் கீழே இறங்கினால் இந்த இரண்டு பேருக்கும் இனிக் கதைக்க என்ன இருக்கிறது.

"பொறுங்கோ" என்றாள். "பெடியன்ரை தாய்க்கு எத்தினை மாசம் விசா குடுத்தவங்கள்?"

கிறிகோரியின் விரல் அந்தரத்தில் நின்றது. வேறு எந்த நாட்டுக்காரனும் ஒரு ஹொக்கி ஆட்டக்காரனை மாற்றுகிற நேரத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கமாட்டான். கேட்டாலும் மற்றவர்கள் சிரித்துவிட்டு அமத்தியிருப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரின் முகமும் கடுமையாகிவிட்டது.

சுவீடன்காரருக்கு விசாவே தேவையில்லை, தொண்ணூறு நாள் இருக்கலாம் என்றான் சுஜன். தொண்ணூறு நாள் என்றால் சித்திரை நடுவோடு மனுசி திரும்பவேண்டும், கடைசி ஆட்டங்கள் அப்போதுதானே, திரும்பவும் பெடியனுக்கு நித்திரை போகுமே என்றார் கிறிகோரி. நீட்டிக்கலாம் என்றான் அவன். அது அவ்வளவு லேசு இல்லை என்று சொல்லி இவர் தன்னுடைய முதல் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, எடுத்த கதையைத் தொடங்கினார். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் விடியமுதல் வரிசையில் நின்றது, முன்னால் நின்றவன் மயங்கி விழுந்தது, விழுந்தவனின் இடத்தை விடாமல் பிடித்தது. சுஜன் மாமியாரைக் கனடாவுக்குக் கூப்பிட்ட கதையைத் தொடங்கினான். அதற்கு இவர் கைரேகை கொடுத்த கதையைக் கொண்டுவந்தார். யாருடைய கதை கூடக் கேவலம் என்று போட்டியே வந்துவிட்டது. கிளறா இடையிடையே, "அப்ப அந்த மனுசியின்ரை நிலைமை?" என்று மட்டும் ஒரு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதைகளுக்கு நடுவில் சுஜனின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அத்தான், வீடெண்டு ஒண்டு இருக்குத்தான். நான் அதிலை நித்திரை கொள்ளுறது இல்லை. ரெண்டு வேலை. அண்டைக்கு மலையிலை என்னத்துக்கு அப்பிடிக் கதைச்சன் எண்டு எனக்கே தெரியாது."

கிறிகோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. "அப்ப நீயும் ஹோல்ம்பெக்தான்" என்றார்.

அப்போது இரண்டு பேரின் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் மணியடித்தன. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஆள் மாற்றும் கெடு முடிந்துவிட்டது. ஹோல்ம்பெக் இனி வருசம் முடியும்வரைக்கும் சீசாவில், கிறிகோரியின் அணியில்தான்.

கிளறாவுக்கு அன்றைக்கு விழுந்த ஏச்சைப்போல அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை. கை நுனியில் இருந்த காரியத்தை விசாக் கேட்டுக் கெடுத்துவிட்டாள் என்றார் கிறிகோரி. அக்கா சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், ஆகவேண்டிய விசயத்துக்கு நடுவில் ஒரு கேள்வியைப் போட்டு எல்லாவற்றையும் குழப்பிவிடுவாள் என்றான் சுஜன். அதைத்தான் நான் இருபத்தெட்டு வருசமாக அனுபவிக்கிறேன் என்றார் கிறிகோரி. பாவம் அத்தான் நீங்கள் என்றான் சுஜன். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்கினார். ஒரு சொல்லிலும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"இது போனிலை ஏசித் தீராது" என்றான் சுஜன் கடைசியில். "மேயிலை வாறன். நேரிலை நிண்டு ஏசினாத்தான் என்ரை ஆத்திரம் அடங்கும்."

"வாடா மச்சான்" என்றார் கிறிகோரி. "நான் கூப்பிடுறன். வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஏசுவம்."

கிளறா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். கண்ணீர் கன்னத்தால் வழிந்து கறிச்சட்டிக்குள் விழுந்துவிடுமோ என்று ஒரு அடி பின்னால் வைத்தாள். அவர்கள் இன்னும் அவளைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள். அவள் அடுப்பின் நெருப்பைக் குறைத்தாள், அப்போதுதான் அவர்கள் ஏசுவது நன்றாகக் கேட்கும்.